கொக்கி உடைந்த இடம்

லாரிக்காரன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். மரியாதை அதோடு சரி. அவன் விட்ட அறையில் கிரேன்காரர் நாற்காலியோடு சாய்ந்து, சுவரில் தலை மோதி, தரையில் உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டு மேசையிலிருந்து உருண்டுபோய்ச் சமையலறை வாசலில் சுற்றிச் சுற்றி விழுந்தது. அங்கே அவர் மனைவி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

போன வாரம் வார்ப்புப் பட்டறையில் கிரேன் கொக்கி முறிந்து பாரம் விழுந்ததில், அடியில் மணல் அச்சு கட்டிக்கொண்டிருந்த அச்சுக்காரர் நசுங்கிச் செத்துப்போனார். அவருடைய தம்பிதான் இந்த லாரிக்காரன். அன்றைக்குக் கிரேனை இயக்கியவர், இப்போது தரையில் உட்கார்ந்து உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர். லாரிக்காரன் இடது கையில் ஒரு சாக்குப்பையும், லாரிக்கு ஜாக்கி போடுகிற இரும்புக் கம்பியும் இருந்தன. கம்பியை அவன் இன்னும் ஓங்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த உதை கிரேன்காரரின் விலாவில் விழுந்தது. அவருடைய மகள் குறுக்கே பாய்ந்தாள். அவன் அவள் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். அலமாரியில் முதுகு இடித்து, அவளுக்கு மூச்சு நின்று, மறுபடி வந்தது.

இந்த மகள் உலோகவியல் பொறியியல் கடைசி வருஷம். வீட்டில் அவளுக்கு 'இன்ஜினியர்' என்றுதான் பெயர், பட்டம் கைக்கு வருவதற்கு வெப்ப இயக்கவியல் தாளோடு இன்னும் ஒருமுறை முட்டி மோத வேண்டியிருந்தாலும். அது என்ன படிப்பு என்று சொந்தக்காரர்களுக்கு விளங்கவைப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும். அத்தை ஒருத்தி உடைந்த கரண்டி, தாழ்ப்பாள், தையல் மிஷின் ஊசி என்று கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவாள். இவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தொடங்கி எப்படி உடைந்தது என்று கதை சொல்வாள். ஒட்டித் தரமாட்டாள். இதற்கா நாலு வருஷப் படிப்பு என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

அவளுக்கு அந்தக் கதைதான் பிடித்தது. முதல் இரண்டு வருஷம் உப்புத்தாளில் இரும்புத் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். மூன்றாம் வருஷம் முறிவு ஆய்வுப் பாடம் வந்தபோதுதான் படிப்பின்மேல் ஆசை வந்தது. உடைந்த இரும்பு மனிதர்களைப் போல மழுப்பாது என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. அந்தப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது, உடைந்த இரண்டு துண்டுகளையும் பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்க்கவே கூடாது என்பது. சேர்த்தால் உடைந்த முகங்கள் ஒன்றையொன்று உரசி, படிக்க வேண்டியதெல்லாம் அழிந்துவிடும். ஆர்வக்கோளாறில் சேர்த்துப் பார்த்த ஒருவனைப் பேராசிரியை அந்தப் பருவம் முழுக்க ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்க வைத்தார்.

லாரிக்காரன் சாக்குப்பையை மேசைமேல் கவிழ்த்தான். பட்டறையின் கழிவுக் குவியலிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்த இரண்டு துண்டுகள். ஒன்று கொக்கி, மற்றது அதன் தண்டின் மேல்பாதி. கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டுகளைக் கைக்கொன்றாக எடுத்துக் கிரேன்காரரின் மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

"எங்கண்ணனைக் கொன்னது இதுதான். நல்லா பாருய்யா," என்று இரண்டையும் உடைந்த இடத்தில் பொருத்தப் போனான்.

"சேர்க்காதீங்க," என்றாள் மகள். யோசித்துச் சொன்னதல்ல. வகுப்புப் பழக்கம், தானாக வாயில் வந்துவிட்டது. "சேர்த்தா உடைஞ்ச முகம் கெட்டுப்போயிடும். அப்புறம் ஒண்ணும் தெரியாது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான் நடந்தது. அவன் கைகள் அப்படியே நின்றன.

"அப்ப, இப்ப பார்த்தா தெரியுமா?"

அவனுக்கு அவள் யார் என்பது அப்போதுதான் உறைத்தது. கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு என்று போன வருஷம் அந்தப் பட்டறைக்கே போனவள். மணல் அச்சு கட்டுவதை அவன் அண்ணன் பக்கத்தில் நின்றுதான் பார்த்தாள். முதல் நாள் அச்சைக் கைதவறிச் சரித்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய் ஒப்புக்கொண்டாள். அதை அச்சுக்காரர் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணு பொய் பேசாதுன்னு எங்கண்ணன் சொல்லுவான்," என்றான். துண்டுகளை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கம்பியை வலது கையில் எடுத்துக்கொண்டான். "கொக்கி கெட்டுப்போய் உடைஞ்சுதா, இல்ல உங்கப்பன் ரெண்டு அச்சுப்பெட்டியை ஒண்ணா மாட்டித் தூக்கி உடைச்சானா? பட்டறையில ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. நீ சொல்லு. நீ சொல்றதை நான் நம்புறேன்."

அவள் கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முன்பே விரிசல் விட்ட இரும்பென்றால் உடைந்த முகத்தில் ஒரு பக்கம் பழைய துரு ஏறிக் கறுத்திருக்கும், மீதிதான் புதிதாக இருக்கும். அந்தக் கறுப்பைத்தான் அவள் தேடினாள். ஓரத்தில், நடுவில், மறுபடி ஓரத்தில். இல்லை. முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், ஒரே சொரசொரப்பு, மேலாக ஒரு வாரத்துத் துரு மெல்லிசாக. தண்டின் கழுத்து இழுத்த மாவு போல மெலிந்திருந்தது. கொக்கியின் வாய் அகன்று கிடந்தது. குற்றம் சொல்ல முடியாத நல்ல இரும்பு. தாங்கும் மட்டும் தாங்கிப் பார்த்து, இழுபட்டு, அறுந்திருக்கிறது. தாங்க முடியாத பாரத்தை அதில் யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பெட்டிதான் மாட்டினேன் என்று அப்பா இந்த ஒரு வாரமும் சாப்பாட்டின் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தார். அதை நம்பி, தெருவில் அவர்மேல் பழி பேசியவர்களிடமெல்லாம் மல்லுக்கு நின்றவள் அவள். இப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. கம்பி அவர் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"பழைய விரிசல்," என்றாள். "உள்ளுக்குள்ள ரொம்ப நாளா இருந்திருக்கு. அப்பா மேல தப்பில்ல."

கம்பி கீழே இறங்கியது. லாரிக்காரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவன் குடிக்கவும் குடித்தான். ஒரு பொய்யில் ஒரு உயிர் பிழைத்தது, கணக்கு தீர்ந்தது என்று அவள் நினைத்தாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த விரிசலை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டியது யாருடைய வேலை என்று கேட்டான்.

இந்தக் கேள்வி வரும் என்று எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும். நம் இன்ஜினியருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லலாமா, அது இயந்திரத்தின் வேலை என்று ஏதாவது அளக்கலாமா என்று அவள் தடுமாறுவதற்குள் தரையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"மேஸ்திரி," என்றார் அப்பா. "கொக்கி, சங்கிலி எல்லாம் அவருதான் சோதிக்கணும். பின்தெருவுல, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீடு."

லாரிக்காரன் தம்ளரை வைத்துவிட்டுக் கம்பியோடு வெளியேறினான். அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"ரெண்டு பெட்டியா அப்பா?"

அவர் கதவைப் பார்த்தபடியே நின்றார். ஷிப்ட் முடிகிற நேரம், இரண்டாவது நடை போக அலுப்பாக இருந்தது, நூறு தடவை அப்படித் தூக்கியிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை என்று முணுமுணுத்தார். பிறகு திரும்பி, "நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா," என்றார்.

அவர்மேல் அவளுக்கு அப்போது வந்த வெறுப்பு மாதிரி யார்மேலும் வந்ததில்லை. அவரை இடித்துத் தள்ளித் தாழைத் திறந்தாள். மேசைமேல் கிடந்த கொக்கியை ஏன் எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. தலைதெறிக்க ஓடினாள்.

மேஸ்திரி விடுமுறை நாளில் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் போய்ச் சேர்வதற்குள் சைக்கிள் ஒரு பக்கம் கிடக்க, அவர் ஒரு பக்கம் கிடந்தார். தடுக்கத் தூக்கிய கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் மடங்கியிருந்தது. எதற்கு அடி விழுகிறது என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. யாரப்பா நீ, யாரப்பா நீ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பி மறுபடி இறங்கியது. இந்தமுறை தலையில். கேள்வி பாதியில் நின்றது. அக்கம்பக்கத்தார் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தருக்கும் இறங்கி வரத் துணிவில்லை.

அவள் லாரிக்காரனின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறியதில் விழுந்து, எழுந்து, மறுபடி பிடித்தாள்.

"பழைய விரிசல் இல்ல. நான் பொய் சொன்னேன். ரெண்டு பெட்டியை மாட்டினது எங்கப்பாதான்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். நம்புகிறேன் என்று சொன்ன அதே ஆள்தான்.

"இந்த ஆளைக் காப்பாத்தப் பெத்த அப்பனையே மாட்டிவிடுறியா? எந்த மக இப்படிச் சொல்லுவா?" என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்தவரின் முதுகில் ஒரு உதை விட்டான்.

ஒரே ஒரு தடவை பொய் சொன்னாள். அதற்குள் அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பெல்லாம் காலியாகிவிட்டது. இனி வாயால் பேசிப் பயனில்லை. அவள் கொக்கியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தேர்வில் வாய்மொழிக் கேள்விக்கு நின்றபோதுகூட இவ்வளவு தெளிவாக அவள் பேசியதில்லை.

"என்னை நம்பாதீங்க. இதைப் பாருங்க. பழைய விரிசல்னா இதுல ஒரு பக்கம் கறுத்திருக்கணும். எங்கயாவது கறுப்பு இருக்கா? விரலை வச்சுப் பாருங்க. இந்தக் கழுத்து எப்படி இழுபட்டுப்போயிருக்கு? வாய் விரிஞ்சிருக்கு பாருங்க. கெட்டுப்போன இரும்பு இப்படி இழுபடாது, பட்டுனு உடையும்."

அவன் கட்டைவிரலை உடைந்த முகத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றினான். விரலிலிருந்த ரத்தம் அதில் ஒட்டியது. மெலிந்த கழுத்தைத் தடவினான். விரிந்த வாய்க்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த மேஸ்திரியைப் பார்த்தான். அவன் முகம் ஒரு கணம் சின்னப்பிள்ளை முகமாக ஆனது. கொக்கியை அவள் கையிலேயே வைத்துவிட்டு, கம்பியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் வந்த வழியே நடக்க ஆரம்பித்தான். ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

அவள் அவன் பின்னால் இரண்டடி வைத்தாள். மேஸ்திரியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் காதோரம் ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டுக்கொண்டிருந்தது. மண்டியிட்டு, துப்பட்டாவைச் சுருட்டி வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். அழுத்தினால் நின்றது. கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி பீறிட்டது. வாசல்களில் நின்றவர்களிடம், யாராவது அவனைப் போய்த் தடுங்கள், இல்லையென்றால் இங்கே வந்து இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். ஒருத்தர் ஆம்புலன்சுக்குப் போன் செய்கிறேன் என்று வீட்டுக்குள் போனார். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

மேஸ்திரி முறியாத கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போயிடாதம்மா," என்றார்.

முன்தெருவில் அம்மா அலறினாள். பிறகு அப்பாவின் குரல், அவள் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு தடவை. அவள் கையை எடுக்கவில்லை.