கூவிய லோர்னா

வசந்தம் வந்துவிட்டால் என் தீவனக் கடையில் கால் வைக்க இடமிருக்காது. வாசலுக்கு எதிரே ஒரு தகரத் தொட்டி, மேலே சிவப்பு விளக்கு, உள்ளே கீச்கீச்சென்று கோழிக்குஞ்சுகள். ஆணி வாங்க வந்தவர்கூடக் குனிந்து பார்க்காமல் போக மாட்டார். மறுவாரம் கம்பிவலை கேட்டு வந்து நிற்பார். எங்கள் ஊரில் பாதிக் கொல்லைகளில் கோழி மேய்வதற்கு அந்தத் தொட்டிதான் காரணம்.

வாங்குகிறவர்களிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: கொண்டை சிவக்கும்வரை பேர் வைக்காதீர்கள். எல்லாம் பெட்டை என்று சொல்லித்தான் பொரிப்பகத்திலிருந்து அனுப்புகிறார்கள். ஆனாலும் ஒன்றிரண்டு சேவல் கலந்து வந்துவிடும். ஊருக்குள் சேவல் வளர்க்கத் தடை. அதனால் கூவினால் கடையே திரும்ப வாங்கி ஹார்லன் பண்ணைக்கு அனுப்பிவிடும். ஹார்லன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை சூப்பில் என்ன கொதிக்கிறது என்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை.

எல்டன் க்ரூகர் என் பேச்சைக் கேட்டாரா? மனைவி லோர்னா பனிக்காலத்தில் இறந்தபிறகு யாரோடும் பேசாமல் கிடந்த மனிதர். எலிப்பொறி வாங்க வந்தவர் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். நான்தான் பேச்சுக் கொடுத்து, சில குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். வீடு போய்ச் சேருவதற்குள் பொன்னிறக் குஞ்சுக்கு லோர்னா என்று பேர் வைத்துவிட்டார்.

கோடை முடிவதற்குள் லோர்னா கூவியது.

பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். எல்டன் அட்டைப்பெட்டியோடு வந்து அதை மேசைமேல் வைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பேர் வைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே எல்டன், கேட்டீங்களா?"

"கேட்டேன் மார்னி. ஆனா காலையில எந்திரிச்சதும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வேற யாரு இருக்கா?"

பாவி மனுஷன்! ஹார்லனுக்குப் போன் போட எடுத்ததைக் கீழே வைத்தேன். என் கடை ஊர் எல்லைப் பலகையைத் தாண்டி இருக்கிறது. பின்கொட்டகையில் சேவல் கூவினால் கேட்க ஆளில்லை. இங்கேயே கிடக்கட்டும், தீனி மட்டும் நீங்களே வந்து போடணும், எனக்கு வேற வேலை இருக்கு என்று சிடுசிடுத்தேன்.

தினமும் காலையில் வந்தார். தீனி போட்டுவிட்டு ஒரு காபி, அப்படியே வருகிறவர்களோடு பேச்சு. கூண்டுக் கதவை எந்தப் பக்கம் வைப்பது, நரியிடமிருந்து கோழியை எப்படிக் காப்பது என்று என் வாடிக்கையாளர்கள் இப்போது அவரைத்தான் கேட்கிறார்கள். என்னை ஒருவரும் சீந்துவதில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு பெண் கறுப்புக் குஞ்சு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, இதற்குப் பேர் வைக்கலாமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் எல்டன் முந்திக்கொண்டார்.

"தாராளமா வையிம்மா. சேவலாப் போனாலும் கவலப்படாத, பின்னாடி இடம் இருக்கு."

கொட்டகையில் லோர்னா கூவியது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"இதோ வர்றேன்டி."