சுடப்பட்டவர்கள் சிரிக்க வேண்டும்

சடையப்பன் ஷூட்டிங்குக்குக் கொண்டுவந்த துப்பாக்கிகளில் ஒன்றுகூடச் சுடாது. பாதி ரப்பர், பாதி மரம். சத்தமெல்லாம் பிறகு டப்பிங்கில் சேரும். அதுவரை அவனே வாயால் "டுமீல்" என்று கத்துவான், காட்டேரிகளாக வந்த உப்பளத்துப் பெண்கள் விழுவார்கள். காட்டேரி ராத்திரியில்தானே வரும் என்று கேட்காதீர்கள். ராத்திரி என்றால் லைட் வாடகையை உங்கப்பனா கொடுப்பான்? மரக்காணத்து வெயிலில் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் இருட்டாக்கிக்கொள்வார்களாம். நல்ல கூத்து!

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்ததாக நடித்தவர்கள், ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடும் என்று பயம். பலரும் ஒப்புக்குச் செய்வார்கள். சடையப்பனுக்கு அது விளையாட்டில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பொம்மையார்பாளையத்தில், அவனுடைய கூட்டாளி ஃபைட்டர் ஜெயப்பிரகாஷ், அவன் எடுத்துக் கொடுத்த மரப் பிஸ்டலால் சுடப்பட்டு விழுந்தான். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே, "நாளைக்குச் சிரிச்சுக்கிறேன்டா, வண்டி நிக்குது" என்று ரோட்டைத் தாண்ட ஓடினான். லாரி வந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பிஸ்டலை எரிக்கவும் மனசு வராமல், வெளியே எடுக்கவும் தைரியம் வராமல், பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருந்தான். இன்றைக்கு ஹீரோவின் ரப்பர் துப்பாக்கி வெயிலில் இளகி மூக்கு தொங்கிப் போனது.

"வேற ஒண்ணு குடுண்ணே, நேரம் போவுது!" என்று இளவயசு டைரக்டர் கத்த, சடையப்பனின் கை தானாகப் பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. அத்தனை வெயிலிலும் அந்த மரம் சில்லென்றிருந்தது. ஹீரோ அதைக் காட்டேரி வரிசையின் கடைசியில் நின்ற அமுதவல்லியின் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு "டுமீல்" என்று கத்தினான். அவள் ஒரு சத்தமும் இல்லாமல் பாத்தியில் சரிந்தாள். வேறு யாரும் அவ்வளவு நன்றாகச் சாகவில்லை.

மற்ற பெண்கள் பொய்க் கோரைப்பல்லோடு கேமராவைப் பார்த்து இளித்துவிட்டுப் போனார்கள். அமுதவல்லி மட்டும் பல்லைக் கழற்றிச் சடையப்பன் கையில் வைத்தாள்.

"சிரிச்சிட்டுப் போம்மா."

"எங்க வீட்டுக்காரரு போன ஆடியில தவறிட்டாருங்க. அதுலேர்ந்து எனக்குச் சிரிப்பு வர்றதில்ல. வராததை எப்படிக் காட்டுறது?"

"பேட்டரி செவப்புல இருக்குதுண்ணே, பேக்கப் பண்ணிடலாம்," என்றான் கேமராக்காரன்.

"இரு தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

இன்னொரு சாவைச் சுமக்கச் சடையப்பனால் முடியாது. கெஞ்சினான், மூஞ்சியைக் கோணினான், ஹீரோ மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்டினான். அவள் பாவமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் பிஸ்டலையே அவளிடம் நீட்டினான்.

"இந்தா, நீ என்னைச் சுடு. உன்னைப் படுத்துனதுக்குப் பழி வாங்கிக்க."

அவள் தயங்கித் தயங்கி, வாய்க்குள்ளேயே "டுமீல்" என்றாள்.

அடேயப்பா, என்ன சாவு அது! நெஞ்சைப் பிடித்தான், மூன்று சுற்று சுற்றினான், "ஐயோ, காட்டேரி சுட்டுட்டா!" என்று அலறினான், தொப்பென்று உப்புத் தண்ணீரில் மல்லாந்தான். அமுதவல்லிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கேமரா அவன் செத்ததையும் அவள் சிரித்ததையும் பிடித்தது. பிடித்த கையோடு அணைந்தும் போனது.

சடையப்பன் ஈரம் சொட்ட எழுந்தான். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அவனுக்கு அழுகையே வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டோரத்துக்கு வந்தான். எதிர்ப்பக்கம் நின்ற வேன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே!"

பின்னால் அமுதவல்லி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் அந்தப் பிஸ்டல். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"நீங்களுந்தான செத்தீங்க? சிரிக்காமப் போறீங்களே!"

"நாளைக்குச் சிரிச்சுக்கிறேம்மா, வண்டி நிக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கு உறைத்தது. கால் அதற்குள் தார் ரோட்டில் இருந்தது.