இரண்டு கடன்காரிகள்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. இலோய்லோ என்ற இந்தத் தீவு நகரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழறையில் லோரிவெல் இருக்கிறாள். நர்ஸ் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, துணி துவைத்துக்கொண்டே சொன்னாள்.

"எழுதுறதுன்னா எழுதுங்க. என் பேரை மட்டும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: வெள்ளைச் சீருடையில் அவள் தேவதையைப் போல–

வேண்டாம். அந்தச் சீருடையே தவணையில் வாங்கியது.

2

கல்லூரியில் கடைசி இரண்டு வருடக் கட்டணத்தைக் கொடுத்தவள் மனாங் எஸ்டிங், அதாவது எஸ்டிங் அக்கா. சந்தையில் கருவாடு விற்பவள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். வேலை கிடைக்கும்வரை எஸ்டிங் பொறுத்தாள், வட்டி பொறுக்கவில்லை. சம்பள நாளில் லோரிவெல் முதலில் கருவாட்டுக் கடைக்குப் போவாள். மிச்சத்தில்தான் அரிசி.

(தமிழில் கடன் கொடுத்தவளும் கடன்காரி, வாங்கியவளும் கடன்காரி. வேறு கதையாக இருந்தால் இது எனக்குத் தொல்லை.)

எஸ்டிங்கைக் கொடுமைக்காரியாக்க நினைத்து ஒரு தங்கப்பல் வைத்தேன். லோரிவெல் சிரித்தாள். "தங்கப்பல்லா? அவங்களுக்கு முன்பல்லே கிடையாது."

பல்லை எடுத்துவிட்டேன். கொடுமையும் பாதி போய்விட்டது.

3

சர்க்கரை நோயில் கால் அழுகி, எஸ்டிங் வந்து சேர்ந்தது லோரிவெல்லின் வார்டுக்கே. மூன்று விரல்களை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதியும் அவளால் போக முடியவில்லை. பில் கட்டவில்லை. அவள் பணமெல்லாம் சந்தையில் பலர் கையில் இருந்தது. படுத்துவிட்டவளைத் தேடிவந்து கடனை அடைக்க ஒருவருக்கும் நேரமில்லை. வாசலில் காவலாள். கட்டில் வாடகை ஏறிக்கொண்டே போனது. நோயாளி ஓடிவிட்டால் அந்த நேரத்து நர்ஸின் சம்பளத்தில் பிடிப்போம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

"நாலு மணிக்குப் பார்க்க வர்றவங்க கூட்டமா இருக்கும். என் மகன் ரெனானும் வருவான்," என்றாள் எஸ்டிங். "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு இண்டாய், மகளே, போதும். உன் கடன் தீர்ந்துது."

"உங்க பில்லு என் தலையில விழும் மனாங்."

"எவ்வளவு?"

சொன்னாள்.

"அடி ஆத்தாடி! நீ எனக்குத் தர வேண்டியதைவிட ரெண்டு பங்கு." எஸ்டிங் கொஞ்சம் யோசித்தாள். "கட்டுப்படியாகாது. உன் இடத்துல நானா இருந்தா விடமாட்டேன்."

"அப்புறம் ஏன் கேக்குறீங்க?"

"கேக்காம எப்படி இருக்கிறது?"

"புண்ணுக்குத் தினமும் கட்டுப் போடணும். வீட்டுல யாரு போடுவா?"

"நர்ஸுக்குப் படிக்க வெச்சிருக்கேனே ஒருத்தியை."

4

[இங்கே லோரிவெல்லின் மனப்போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.]

நாலு மணிக்கு அவள் மருந்தறைக்குப் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, மடித்த துணிகளையே மறுபடி மடித்தாள். திரும்பி வந்தபோது கட்டிலில் போர்வை மட்டும் கிடந்தது.

சம்பளத்தில் பிடித்தார்கள். வேலை முடிந்ததும் தினமும் எஸ்டிங் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டாள். பஞ்சும் மருந்தும் அவள் செலவு. ஆனால் புண்ணின் கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மனாங்."

"எதுக்கு? நான் ஓடிவந்தேனே, அதுக்கா?"

காய்ச்சல் கண்டது. எஸ்டிங் எழுந்திருக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு ரெனான் கீழறைக்கு வந்தான்.

"அம்மாவுக்கு நீங்க தர வேண்டிய பாக்கி."

"தீர்ந்துதுன்னு அவங்களே சொன்னாங்க."

"என்கிட்ட சொல்லலையே."

"சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போனதே நீங்கதானே! நான் விட்டதாலதானே–"

"ஆமா. நீங்க விட்டதாலதான் செத்தாங்க," என்றான் ரெனான்.

5

ரெனான் மனம் மாறி, கடனை விட்டுவிடுகிறான் என்று ஒரு முடிவு எழுதினேன். படித்துக் காட்டியதும், "அவனா? எஸ்டிங் பெத்த பிள்ளையாச்சே!" என்றாள். அவள் சவூதிக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள் என்று இன்னொன்று. "ஏஜெண்டுக்குக் கட்ட யார்கிட்ட வாங்குறது?"

நடந்தது இதுதான்: மாதாமாதம் மருத்துவமனைக்கும் கட்டுகிறாள், ரெனானுக்கும் கட்டுகிறாள்.

ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "கடன் தீரும்னு விட்டியா, பாவம்னு விட்டியா?"

பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்றையும் எடுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்:

"நீங்களே எதையாவது எழுதிக்கங்க. ஆனா என்னை நல்லவள்னு எழுதினா, என்கிட்ட காட்டாதீங்க."

அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. பாதியில் நிற்கிறது. உங்களுக்கு வந்தால் முடித்துக்கொள்ளுங்கள்:

நாலு மணிக்கு லோரிவெல் முதுகைக் காட்டி நின்றாள், ஏனென்றால்