மூன்று டப்பா நட்டோ

ஜப்பானின் வகயாமா கடற்கரையில் சின்னதாக ஒரு விடுதி நடத்திவந்த ஷிகேஹாரு, வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார். "நட்டோ சாப்பிடுவீங்களா?" புளிக்கவைத்த சோயா பயறு அது. கிண்டினால் நூல் நூலாக இழுக்கும்; வாடையோ ஈரக் காலுறை வாடை. வந்தவர்கள் முகம் சுளித்தால், "எங்க நாக்கே வேறங்க" என்று சிரிப்பார்.

அந்தப் பக்கத்து ஆட்கள் பலரைப்போல அவரும் அதை வாயில் வைத்ததே இல்லை. மனைவி ஃபுசாயே மிதோ ஊர்க்காரி, நட்டோ தின்றே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஒருமுறை வாங்கிவந்தாள். இந்த நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அவளும் அதற்குப் பிறகு வாங்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஃபின்லாந்திலிருந்து ஓட்டோ என்ற பள்ளிக்கூட வாத்தியார் வந்து தங்கினார். புத்தகத்தில் ஜப்பானிய மொழி கற்றவர். அவரிடமும் ஷிகேஹாரு கேட்டார். அவர் முகம் சுளிக்கவில்லை. யோசனையோடு குடையை எடுத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். மாலையில் அரைவிலைச் சீட்டு ஒட்டிய பொரித்த மீனும், ரொட்டியும், மூன்று டப்பா நட்டோவுமாக வந்து நின்றார். ஆளுக்கொன்றாம்.

சாப்பாட்டு மேசையில் ஓட்டோ மிகவும் பணிவாகக் கேட்டார். "ஐயா, இதை எவ்வாறு உண்பது என்று தாங்கள் காட்டித்தர வேண்டும்."

ஷிகேஹாரு டப்பாவைத் திறந்து, உள்ளே மூடியிருந்த மெல்லிய தாளை எடுக்காமல் அதன்மேலேயே சோயா சாற்றை ஊற்றினார். ஃபுசாயே டப்பாவை வாங்கி, தாளை உரித்து, நுரைக்கும்வரை கிண்டி, சோற்றின்மேல் போட்டுக் கொடுத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். வாத்தியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்," என்றார் ஷிகேஹாரு. கண்ணில் நீர் முட்டியது. "தினமும் சாப்பிடலாம்."

ஓட்டோ ஒரு வாய் தின்றார். பிறகு சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். தோக்கியோவிலும் தின்று பார்த்தாராம், இறங்கவில்லையாம். ஐயா அவ்வளவு ஆசையோடு கேட்டதால், அவர் ஏங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்து வாங்கிவந்தாராம். எனக்குப் பிடிக்கவில்லை என்று வாத்தியார் எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று ஷிகேஹாருவுக்குப் பொறாமையாக இருந்தது.

ஃபுசாயே தன்னுடையதை முடித்துவிட்டு, விருந்தாளி மிச்சம் வைத்ததையும் இழுத்துக்கொண்டாள். அவசரமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அவள் அப்படிச் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஷிகேஹாருவின் சோற்றின்மேல் நட்டோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"கடை திறந்ததும் போய் வாங்கிட்டு வந்தேங்க. உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்னு தெரியாமப் போச்சே. இத்தனை வருஷமா வாயக் கட்டிட்டு இருந்திருக்கீங்க, பாவம்."

எதிரே வாத்தியார் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, அவரைப் பார்த்துப் பாசத்தோடு புன்னகைத்தார். ஷிகேஹாரு குச்சிகளைக் கையில் எடுத்தார்.