மொல்லோ உண்டு

மாலிசேபோவின் வாயில் தீக்குப் பெயர் கிடையாது. ஊரே ‘மொல்லோ’ என்று சொல்வதை அவள் மட்டும் ‘சிவப்பு’ என்பாள். மாமனாரின் பெயர் மொல்லோ. வாழ வந்த அன்று தலையில் துணி கட்டி, தோளில் கம்பளி போர்த்தி உட்காரவைத்து, முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். மாமனார் பெயர் நாக்கில் வரக் கூடாது, அந்தப் பெயர் ஒலிக்கும் எந்தச் சொல்லும் வரக் கூடாது, அவர் படுக்கும் வீட்டின் வாசலைத் தாண்டக் கூடாது. ஆறு வருஷத்தில் ஒரு முறைகூட அவள் தவறியதில்லை. ஒரு நாள் கூரை தீப்பிடித்ததுபோலக் கனவு கண்டு, தூக்கத்தில் “சிவப்பு, சிவப்பு” என்றுதான் அலறினாளாம். புருஷன் மோஹாபி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

மோஹாபி இப்போது எல்லைக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவில், யாரோ கைவிட்டுப் போன ஒரு சுரங்கத்தில் இருந்தான். இருந்தான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு அவன் போன் வரவில்லை.

அந்த மலைநாட்டில் ஜூலைதான் நடுக்குளிர்காலம். அதன் முதல் வாரத்தில் மண்ணெண்ணெய் வாங்க அவள் கடைக்குப் போனபோது, கடைக்காரர் லெபோனா பலகையில் பழைய விலையை முழுக்க அழிக்காமலே அதன்மேல் புது விலையை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாதாகனே கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன லெபோனா, அது எண்ணெய் விலையா, உன் போன் நம்பரா?”

“என்னக் கேட்டா? நானா தோண்டி எடுக்கறேன்? லாரிக்காரன் சொல்றான், நான் எழுதறேன்.”

“போன மாசம் ஒரு தடவ எழுதின. மே மாசம் ஒரு தடவ. உனக்குக் கை வலிக்கலையா?”

“வலிக்குது ம்மே. சாக்பீசும் வெல ஏறிப்போச்சு.”

வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாலிசேபோ இரண்டு பாட்டில்களைக் கடை மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டையும் நெறைக்கவா?” என்றார் லெபோனா.

“ரெண்டுலயும் பாதி.”

“ரெண்டு வீடு, ரெண்டு ஸ்டவ்வு. அரண்மன மாதிரியில்ல நடத்தறா,” என்றாள் மாதாகனே. “குளிருக்கு எல்லாரும் ஒரே வீட்டுல கெடந்தா என்ன? டவுன்ல போய்ப் பாரு. மாமனாரும் மருமகளும் ஒரே சோபாவுல உக்காந்து டிவி பாக்கறாங்க.”

“டவுன்ல சோபா இருக்கு,” என்றாள் மாலிசேபோ.

மாதாகனே கேனை இடுப்பு மாற்றிக்கொண்டாள். வாய் துடுக்கே தவிர, கெட்டவள் இல்லை. அவள் வீட்டிலும் ஐந்து பிள்ளைகள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்புவரை யாரும் இந்த வரிசையில் இவ்வளவு நேரம் நின்றதில்லை. அப்போது மொல்லோவுக்குப் பதினொரு மாடுகள் இருந்தன. பட்டிக்குள் வருஷமெல்லாம் மிதிபட்டு இறுகிய சாணத்தைப் பாளம் பாளமாக வெட்டிக் காயவைத்தால் குளிர்காலம் முழுக்க எரிக்கலாம். ஒரு விடியலில் பட்டியின் கல் சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மாடுகளைத் திருடர்கள் மலை தாண்டி ஓட்டிப் போய்விட்டிருந்தார்கள். போன வருஷம் அடி மண் தெரியும்வரை தோண்டி எரித்தார்கள். இந்த வருஷம் பட்டியில் கல் மட்டும்தான் இருந்தது. மேட்டில் இருக்கும் புதர்களை வெட்டக் கூடாதென்று ஊர்த் தலைவர் காவல் போட்டிருந்தார். உழவு நுகத்தடியை ஜூன் மாதத்திலேயே மொல்லோ உடைத்து எரித்துவிட்டார். மூன்று நாள் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களின் வாயில் பிளாஸ்டிக் தாளை மடித்துவைத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். அந்த வேலையை அவள் எப்போதும் கவனமாகச் செய்வாள். சிந்தினால் துடைத்து எடுக்க முடியாத பொருள். ஒன்றைத் தன் வீட்டில் வைத்தாள். மற்றொன்றை மாமனார் வீட்டு வாசலுக்கு வெளியே, தினமும் சாப்பாட்டுக் கிண்ணம் வைக்கும் தட்டைக் கல்லின்மேல் வைத்தாள். இரண்டும் வட்ட வீடுகள். இடையில் பன்னிரண்டு எட்டு. வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் கட்டியிருந்தார்கள். வெளியே நின்றபடியே, ‘ந்தாதே’, அப்பா, என்று அவரைக் கூப்பிட்டாள்.

“ந்தாதே, எண்ணெய் வெச்சிருக்கேன். சிக்கனமா எரிங்க. வெல ஏறிடுச்சு.”

“பிள்ளைக்கு வெச்சுக்கிட்டியா?” என்று உள்ளிருந்து கேட்டார்.

“வெச்சுக்கிட்டேன்.”

பிள்ளை லிசேபோவுக்கு ஒன்றேகால் வயது. ஒரு வாரமாக நெஞ்சில் சளி. கீழே கிளினிக்கில் நர்ஸ் ஒரு சிரப் கொடுத்து, “எப்பவும் வெதுவெதுப்பா வெச்சுக்கம்மா,” என்று சொல்லியிருந்தாள். அதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோலச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் பனி விழ ஆரம்பித்தது.

முதல் நாள் பிள்ளைகள் வெளியே வந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் யாரும் வெளியே வரவில்லை. சாலை மூடிவிட்டது, லாரி கணவாய்க்கு அந்தப் பக்கமே நிற்கிறது என்று மாதாகனே சுவருக்கு மேலாகக் கத்திச் சொன்னாள். மாலிசேபோ ஸ்டவ்வின் திரியை ஆனமட்டும் இறக்கிவைத்தாள். நீல வளையம் ஒன்று அரையும் குறையுமாக நின்றது. களி கிண்டும்போது மட்டும் ஏற்றுவாள். லிசேபோவை முதுகில் கட்டி, அதன்மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, குழந்தையின் நெஞ்சு தன் முதுகெலும்பில் கரகரப்பதை உணர்ந்தபடியே உட்கார்ந்திருப்பாள். அந்தக் கரகரப்பு அவளுக்கு ஒரு கடிகாரம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நின்றால் திரும்பிப் பார்ப்பாள்.

காலையிலும் சாயங்காலமும் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு எட்டு நடப்பாள். கிண்ணத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பாள்.

“ந்தாதே, சிவப்பு உண்டா?”

உள்ளிருந்து பதில் வரும்.

“மொல்லோ உண்டு.”

சாணம் எரிந்த காலமாக இருந்தால் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. கூரைப் புல்லின் வழியே புகை கசியும், பார்த்தாலே தெரியும். மண்ணெண்ணெய் புகை காட்டுவதில்லை. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று அவள் பார்த்ததில்லை. மாமனார் இருக்கும் பக்கம் கண்ணை ஓட்டுவதும் வாசலைத் தாண்டுவதும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மாதாகனேயின் புருஷன் ரதாகனே ஆடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், முழங்கால் பனியில் நின்று குரல் கொடுத்தான்.

“பெரியவரே, எங்க வீட்டுக்கு வந்து உக்காருங்களேன். இடம் இல்ல, ஆனா பிள்ளைங்களே அஞ்சு அடுப்புக்குச் சமம்.”

“எதுக்குடா? இங்க மொல்லோ உண்டு.”

“உண்டுன்னா சரி. நீங்க அதுல ஆடு சுடறீங்களோ என்னவோ, எங்களக் கூப்பிட மாட்டீங்க.”

“உன்னைக் கூப்பிட்டா எலும்புகூட மிஞ்சாது.”

ரதாகனே சிரித்துக்கொண்டே போனான். மாலிசேபோ தன் வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார், கேலி பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் சாயங்காலம் அவளுடைய பாட்டிலில் ஒரு விரல்கூட இல்லை. லிசேபோவின் இருமல் மாறிவிட்டிருந்தது. முன்பெல்லாம் இருமிவிட்டு அழும். இப்போது இருமிவிட்டு, அழுவதற்கு மூச்சில்லாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தது. அவள் களிக் கிண்ணத்தோடு நடந்தாள். தட்டைக் கல்லின்மேல், காலையில் வைத்த கிண்ணத்துக்குப் பக்கத்தில், அவர் உள்ளே எடுத்துப்போயிருந்த பாட்டில் மறுபடி வந்து நின்றுகொண்டிருந்தது. கிண்ணத்தில் பாதிக் களி அப்படியே உறைந்து கிடந்தது.

“அத எடுத்துக்கிட்டுப் போ, மாலிசேபோ,” என்றார் உள்ளிருந்து. குரல் மெல்லியதாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நின்று நின்று வந்தது. “பிள்ளையோட இருமல் இங்க கேக்குது.”

“உங்களுக்கு?”

“எனக்கு வேண்டியது இருக்கு.”

அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். அது கனமாக இருந்தது. சிக்கனமாக எரித்திருக்கிறார் என்று நினைத்தாள். பிறகு கட்டைவிரல் நூலின்மேல் பட்டது. முடிச்சு அவள் போட்ட முடிச்சு. இரண்டு சுற்று சுற்றி, நுனியை அடியில் செருகி அவள் போடும் முடிச்சை வேறு யாரும் போட மாட்டார்கள். நுனி செருகியபடியே இருந்தது.

பனி விழுவது நின்றிருந்தது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அந்த ஊர்ப் பேச்சில் தீ இருந்தாலும் உண்டுதான், ஆள் இருந்தாலும் உண்டுதான். நான்கு நாளாக, காலையும் மாலையும் அவர் பொய்யே சொல்லவில்லை. மொல்லோ உண்டு. நான் இருக்கிறேன். அவ்வளவுதான் சொன்னார். அவள்தான் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டாள். அவளால் சொல்ல முடியாத அந்தச் சொல்லுக்குள் அவர் இத்தனை வேளையாக ஒளிந்துகொண்டிருந்தார். சிவப்பா, நீங்களா என்று பிரித்துக் கேட்க வேண்டுமானால் அவள் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

வேறு மாதிரியும் கேட்டிருக்கலாம். குளிருகிறதா, ஸ்டவ்வைப் பற்றவைத்தீர்களா, கை கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எந்த வழக்கமும் தடுக்கவில்லை. ரதாகனேயைக் கூப்பிட்டு உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். இப்போதும் சொல்லலாம். முப்பது எட்டில் இருக்கிறான். ஆனால் அவன் உள்ளே போனால் பற்றவைக்காத ஸ்டவ்வைப் பார்த்துவிடுவான். பார்த்துவிட்டால் பாட்டில் உள்ளே போயாக வேண்டும்.

பின்னால், அவள் வீட்டுக்குள்ளிருந்து குழந்தை இருமியது.

அவள் கேட்டாள். எப்போதும்போலவே கேட்டாள். வேறு எப்படிக் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் அப்படிக் கேட்டாள்.

“ந்தாதே, சிவப்பு உண்டா?”

உள்ளே கம்பளி அசையும் சத்தம் கேட்டது. அவள் கேட்டதில் இருந்ததெல்லாம் அவருக்கும் புரிந்துவிட்டதென்று அவளுக்குத் தோன்றியது. பெருமூச்சா, சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது.

“மொல்லோ உண்டு.”

“சரி, ந்தாதே,” என்றாள்.

பாட்டிலைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வரும்போது பதிந்த கால் தடங்களிலேயே காலை வைத்து நடந்தாள். வீட்டுக்குள் வந்து ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்தபோது, தன் முடிச்சைத் தன்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுநாள் காலையில் அவர் பதில் சொன்னார். சாயங்காலமும் சொன்னார். அது சொல்லாக இல்லை, வெறும் சத்தமாகத்தான் இருந்தது. அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் வெயில் வந்தது. மலையெல்லாம் கண் கூசியது. அவள் களியோடு போனபோது பழைய கிண்ணம் கல்லின்மேல் தொடாமலே இருந்தது. கேட்டாள். மறுபடி கேட்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பனிக்குள் விழுந்து எழுந்து ரதாகனேயின் சுவர்வரை ஓடினாள். “பெரியவர் பேச மாட்டேங்கறாரு,” என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

ரதாகனே உள்ளே போனான். அவள் வெளியே நின்றாள். வெகு நேரம் கழித்து வாசலுக்கு வந்தான். முகத்தில் கேலி இல்லை.

“உயிர் இருக்கு. ரெண்டு காலும் கட்ட மாதிரி ஆயிடுச்சு. விரலெல்லாம் கறுத்துக் கெடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். “ஸ்டவ்வு துடைச்ச மாதிரி இருக்கு. எண்ணெய்ப் பாட்டில் எங்க?”

அவள் தரையைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதாகனே பின்னாலிருந்து வந்து அவன் கையைப் பிடித்து, “குதிரையக் கொண்டா, போ,” என்றாள். அவள் மாலிசேபோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளினிக்குக்குக் குதிரையில்தான் கொண்டுபோக முடியும். அவரை ஏற்றி, விழாமலிருக்கக் கம்பளியால் சேணத்தோடு கட்டினார்கள். ரதாகனே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான், மாதாகனே பக்கவாட்டில் தாங்கிக்கொண்டாள். மாலிசேபோ பட்டிச் சுவரோரம் முதுகைக் காட்டி ஒதுங்கி நின்றாள். மாமனாரை அந்த நிலையில் மருமகள் பார்க்கக் கூடாது. குதிரை பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவர் ஏதோ சொன்னார். மாதாகனே குனிந்து கேட்டு, அதை அவளிடம் சொன்னாள்.

“உன் வீட்டுக் கதவு தெறந்து கெடக்காம். சாத்தச் சொல்றாரு. சூடெல்லாம் போயிடுமாம்.”

குதிரை இறங்கிப் போயிற்று. குளம்புச் சத்தம் பனியில் கேட்கவே இல்லை. அவள் வீட்டுக்குப் போனாள். ஸ்டவ் விடியும் முன்பே அணைந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுக்காகக் காத்திருந்து பார்த்தது எல்லாம் முடிந்திருந்தது. லிசேபோ கம்பளிக்குள் கண்ணைத் திறந்தபடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. வெளியே வெயில் இருந்தது. உள்ளே இருப்பதைவிட வெளியேதான் கொஞ்சம் சூடு.

அவள் கதவைச் சாத்தினாள்.