ஆறாவது ஹோல்டர்

அருணாதேவி, கேமராவின் பின்னால் செருகும் பிலிம் ஹோல்டரின் பள்ளத்தை மெல்லிய தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தபோது சினேகா வாசலில் வந்து நின்றாள். வேலுத்தாயின் மகள்.

"அக்கா, எங்கம்மாவப் படம் எடுத்தீகளாமே. ஆதார் கார்டுல இருக்கது அம்மா மாதிரியே இல்ல."

பத்து நாளைக்கு முன் அருணா பட்டாசு ஆலைப் பெண்களைத் தன் பெரிய மரக் கேமராவில் எடுக்கப் போயிருந்தாள். ஒரு தூசி இருந்தாலும் முகத்தில் புள்ளி விழும். அதனால் முந்தின நாளே ஆறு ஹோல்டர்களையும் துடைத்து, இருட்டறையில் பிலிம் போட்டு வைத்திருந்தாள். ஆளுக்கு ஒன்று. ஐந்து பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். ஆறாவதாக வேலுத்தாய், அலுமினியப் பொடி படிந்த கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, "இந்தக் கோலத்துல வேண்டாம்மா. நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வாரேன்" என்றாள். மறுநாள் காலை அவள் வேலை பார்த்த அறை வெடித்தது.

"எடுக்கலையே சினேகா. நாளைக்குன்னு சொன்னாக."

"எடுத்தாச்சுன்னு அம்மா சொல்லுச்சே."

"எப்ப?"

"நேத்து."

வேலுத்தாயை எரித்து எட்டு நாளாகியிருந்தது.

பிலிமை மூடும் தகட்டின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே புது பிலிம். எடுத்த பிறகு கறுப்பு விளிம்பு வெளியே வரும்படி திருப்பிச் செருகுவாள். வெள்ளையைக் காட்டிவிடலாமென்று பையிலிருந்து ஆறாவது ஹோல்டரை உருவினாள். விளிம்பு கறுப்பாக இருந்தது. தகடு நகராமல் தடுக்கும் கொக்கியும் போட்டபடியே இருந்தது. கைமறதியாகத் திருப்பியிருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு கேமராவைப் பெட்டியிலிருந்து அவள் எடுக்கவேயில்லை.

இருட்டறையில் பிலிமைக் கழுவினாள். விளக்கைப் போட்டாள். முக்காலியில் ஒரு பெண். நெகட்டிவில் அவிழ்ந்த கூந்தல் வெளேரென்று தோள்களில் ஒட்டிக் கிடந்தது. கைகள் முழங்காலில், ஒளிக்காமல்.

சினேகா ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தாள். அழவில்லை. "தல இன்னும் காயல" என்றாள்.

"பிலிமும்தான் காயல. பிரிண்டு போட்டுத் தாரேன், இரு தாயி."

"இல்லக்கா. நேரமாச்சு."

ஈரப் பிலிமை ஓரத்தில் பிடித்தபடியே சினேகா சூலக்கரை பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அருணா பின்னாலேயே போனாள். பேருந்தில் நல்ல கூட்டம். படிக்கட்டுப் பக்கத்து இருக்கையில் சினேகா ஏறி உட்கார்ந்தாள், யாருக்கோ இடம் விட்டு நடைவழி ஓரமாக ஒதுங்கி. ஜன்னலோரம் காலியாக இருந்தது. மூட்டையோடு நின்ற ஒரு பெண் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள்.