குசினிக்குள் இரண்டு பேர்

சேத விபரம் எழுத வருகிறார்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதுதான் தாமதம், ஸகியா விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். ஒன்பது மணிக்குள் குசினியில் இருந்த கட்டில், தலையணை, உடுப்புப் பெட்டி, கணவர் அப்துல் ஸமடின் மருந்துப் பை எல்லாம் முன்வீட்டுக்குள் போய்விட்டன. புயல் உடைத்த இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டு அதிகாரிக்குக் காத்திருந்தவள் கல்முனைக்குடியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஏனும்மா மறைக்கிறீங்க?" என்றாள் மகள் சிபானா.

"வெளிய இருந்து வாற ஆக்கள். மாமனையும் மாமியையும் மருமகன் குசினிக்குள்ள போட்டிரிக்காரு எண்டு நினைச்சிட்டா?"

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு நிக்காஹ் என்றால் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஸகியாவுக்கு அவளுடைய உம்மா தந்த வீடு அது. இரண்டு வருடங்களுக்கு முன் அதை சிபானாவிடம் கொடுத்தாள். பின்னால் இருந்த குசினியைப் பலகையால் மறித்து, ஒரு பாதியில் சமையலும் மறுபாதியில் படுக்கையுமாக இருவரும் இருந்துகொண்டார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை சொல்ல வாயும் வராது. புயலன்று பின்னேரம் காற்று ஏறத் தொடங்கியபோது மருமகன் முர்ஷித் வந்து கெஞ்சினான். ஸமட் பிடிவாதக்காரர், அசையவில்லை. கடைசியில் இருவரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்வீட்டுக்குக் கூட்டிப்போனான். அரை மணித்தியாலத்தில் தென்னை குசினிமேல் விழுந்து கூரையையும் ஒரு சுவரையும் கொண்டுபோனது. மறுநாள் பெரியநீலாவணையிலிருந்து மீன்பிடிக்காரர் நாலு பேர் மரம் அறுக்கும் வாளோடு வந்து, யாரும் கேட்காமலே தென்னையைத் துண்டாக்கி அகற்றிவிட்டு, ஆளுக்கொரு பிளேன்டீயோடு போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஸகியாவின் துஆக்களில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெயர் தெரியாததால் 'வாள் கொண்டுவந்த ஆக்கள்' என்றே அல்லாஹ்விடம் சொல்லிவைத்தாள். உயிரைக் காத்த மருமகனுக்கு ஒரு கெட்ட சொல் வர அவள் விடுவாளா?

அளக்க வந்தவள் அன்ரனிற்றா. பிரதேச செயலகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாடாவும் படிவமுமாக. முன்வீட்டில் நாலு ஓடுகள் மட்டும் போயிருந்தன, குறித்துக்கொண்டாள். குசினியில் மிஞ்சிய சுவர்களை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஆரும் படுக்கிறதா உம்மா?"

"இல்ல மிஸ். சமையல் மட்டுந்தான்."

"அப்ப இது குசினிதான். முன்வீட்டோட சேத்துச் சின்னச் சேதம் எண்டு எழுதுவன். ரெண்டு பேர் இருந்த வீடெண்டா, முழுச் சேதத்தில போட்டுப் புது வீட்டுக்குச் சிபாரிசு செய்யலாம்."

ஸமட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டித் தள்ளியது குப்பையை மட்டுமல்ல என்று ஸகியாவுக்கு இப்போதுதான் உறைத்தது. சொன்ன பொய்யை விழுங்கவும் முடியவில்லை, மருமகனை வைத்துக்கொண்டு உண்மையைக் கக்கவும் முடியவில்லை.

முர்ஷித் முன்வீட்டுக்குள் போனான். முதலில் தலையணைகள் வந்தன, பிறகு உடுப்புப் பெட்டி, பிறகு தலைமேல் கவிழ்த்த கட்டில். எல்லாவற்றையும் குசினி வாசலில் இறக்கினான்.

"மாமாவும் மாமியும் ரெண்டு வருசமா இதுக்குள்ளதான் மிஸ். அவங்க தந்த ஊட்டுக்குள்ள நாங்க இரிக்கம். எனக்குச் சொல் வரும் எண்டுதான் மாமி மறைச்ச. வந்தா வரட்டும், எழுதுங்க."

ஸகியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெறாத பிள்ளை, வெட்கப்படாமல் நின்றான்.

அன்ரனிற்றா சிரித்தாள். "நிக்கிற ரெண்டு மூலையிலயும் நுளம்பு வலை கட்டுற ஆணி இருக்கு. சோத்துப் பானைக்கு ஆர் வலை கட்டுற? நீங்க வாயால சொன்னாத்தான் நான் எழுதலாம், அதான் கேட்டன். எங்கட அம்மாவும் எனக்கு வீட்டத் தந்திட்டுக் குசினிக்குள்ளதான் இருக்கிறா."

படிவத்தை மாற்றி எழுதினாள். கிடைக்கும் என்று வாக்குத் தரமுடியாது, மேலே அனுப்புகிறேன் என்றாள். ஸகியாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூன்று தரம் சொன்னாள். பிறகு அன்ரனிற்றா ஒரு கம்பை எடுத்து, தென்னைகளுக்கு எட்டாமல் தள்ளி, மணலில் நீளமாக ஒரு கட்டம் கீறினாள்.

"இவ்வளவு பெரிசு வரும். அத்திவாரத்த ரெண்டடி உசத்துவம். வாசல் எந்தப் பக்கம் உம்மா?"

ஸகியா கணவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். வாசல் வைத்த வீட்டுக்குள் வந்தவள் அவள், வாசல் வைத்த வீட்டையே மகளுக்குக் கொடுத்தாள். இந்தக் கேள்வியை ஐம்பத்தெட்டு வயதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"மகள்ட ஊட்டப் பாத்தாப்போல வைங்க," என்றாள்.

அன்ரனிற்றா அந்தப் பக்கக் கோட்டில் மூன்றடியைக் காலால் அழித்துவிட்டு அடுத்த வளவுக்குப் போனாள். முர்ஷித் கட்டிலைத் திரும்பவும் முன்வீட்டுக்குள் தூக்கினான்.

ஸகியா செருப்பைக் கழற்றி வைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது காலை எடுத்து, அழித்த இடத்தால் உள்ளே போய் நடுவில் நின்றாள். அதைப் பார்த்த ஸமட் கோட்டைத் தாண்டிக் குறுக்கே வரப்போனார்.

"செவரால வாறீங்களா? வாசலால வாங்க."

அவர் சுற்றிப்போய், அவள் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றினார்.